ஐ.சி.எல். செய்த பிறகு இரவு விளக்குகளைச் சுற்றித் தெரிந்த வட்டங்கள்

கண்ணாடியை விடுவதற்காகக் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். அறுவை இரண்டாவது கண்ணுக்கும் முடிந்த அன்று இரவு, சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலருகே நின்று எதிர்ப் புளோக்கைப் பார்த்தேன். மாடிக்கு மாடி காரிடாரில் வெள்ளை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஒன்பது வயதிலிருந்து கண்ணாடி போட்டவள் நான். கண்ணாடியைக் கழற்றினால் அந்த விளக்குகள் எனக்கு ஊறிப்போன பஞ்சு மாதிரிதான் தெரியும். அன்று முதல்முறையாகக் கண்ணில் எதுவும் மாட்டாமல், ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக, கூர்மையாகத் தெரிந்தது. எண்ணக்கூட முடிந்தது. அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான் கவனித்தேன். ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வளையம். காம்பஸ் வைத்து வரைந்தது போல, மெல்லியதாக, சீராக. சில விளக்குகளுக்கு இரண்டு. கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு வண்டி முன்விளக்கோடு வெளியே வந்தது. அதைச் சுற்றி ஒரு பெரிய வெள்ளைப் பிறை விரிந்து, பாதித் தெருவையே மறைத்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உங்களுக்கும் அப்படித் தெரிகிறதா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

அந்த இரவிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மாதம் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இந்த அறுவையை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், செய்துவிட்டு இரவில் பயந்துகொண்டிருப்பவர்களுக்கும் இது உதவ வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன். அந்த முதல் சில வாரங்களில் நான் தேடியதெல்லாம், என்னைப் போல ஒருத்தி தமிழில் நிதானமாக எடுத்துச் சொல்ல மாட்டாளா என்பதைத்தான்.

என் வலது கண் மைனஸ் 9.50, இடது 10.25. கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியா மெலிந்திருந்ததால் லேசிக் எனக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். லேசிக்கில் கார்னியாவையே லேசரால் செதுக்குகிறார்கள். பவர் கூடக்கூட அதிகமாகச் செதுக்க வேண்டும். ஐ.சி.எல். அப்படியில்லை. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீறல் வழியாக மடித்த ஒரு மெல்லிய லென்ஸை உள்ளே நுழைத்து, கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸுக்குப் பின்னால், நம் சொந்த லென்ஸுக்கு முன்னால் விரித்து வைக்கிறார்கள். எதையும் வெட்டி எடுப்பதில்லை. தேவைப்பட்டால் திரும்ப வெளியே எடுக்கலாம். எனக்குத் தைரியம் கொடுத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

செலவைப் பற்றி ஒரு வரி. இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆனது. கண்ணாடியை விடுவதற்காகச் செய்யும் அறுவைக்குப் பொதுவாக மெடிசேவைத் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) தொட முடியாது. கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இரவுப் பார்வை எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், என் பிழைப்பே இரவில்தான். ஜூரோங் ஈஸ்ட் பக்கம் ஒரு துணைப்பாட நிலையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி வகுப்பு ஒன்பது மணிக்கு முடியும். அப்புறம் தீவு விரைவுச்சாலை, புக்கிட் தீமா விரைவுச்சாலை, சிலேத்தார் விரைவுச்சாலை என்று மூன்றையும் பிடித்து ஈசூன் வர வேண்டும். அறுவைக்கு முன் கொடுத்த ஒப்புதல் படிவத்தில், இரவில் ஒளிவட்டமும் கண்கூச்சமும் ஏற்படலாம் என்று ஒரு வரி இருந்தது. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். அந்த வரி என் வேலையோடு எப்படி மோதும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் இரவில் வண்டி ஓட்டுகிறவள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் பத்து நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பகலில் உலகமே புதிதாகக் கழுவி வைத்தது போல இருக்கும். புளோக்கின் எண்ணைப் பேருந்திலிருந்தே படிப்பேன், மரத்தில் இலை இலையாகத் தெரியும். ஏழரை மணி ஆகி விளக்குப் போட்டதும் வயிற்றைப் பிசையும். அறுவை செய்த மருந்தகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் அன்பாகத்தான் பேசினார். "எல்லாருக்கும் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்" என்றார். அது பொய்யில்லை. ஆனால் எது சரியாகும், எது சரியாகாது, எதற்காக உடனே ஓடி வர வேண்டும் என்ற மூன்றும் அந்த ஒரே பதிலுக்குள் கலந்து கிடந்தன. பயத்தில் இருக்கிறவளுக்கு அந்த மூன்றையும் பிரித்துச் சொன்னால்தான் தூக்கம் வரும்.

பிரிக்க வழி காட்டியது என் எட்டு வயது மகள். நான் கைப்பேசியில் விளக்குகளைப் படம் எடுத்து, "எனக்குத் தெரிவது இதில் வரவே மாட்டேன் என்கிறது" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கேமராவின் கண்ணில் ஐ.சி.எல். இல்லையே, எப்படி வரும்? அவள் தன் கறுப்புத் தாளையும் வெள்ளைக் கலர்ப் பென்சிலையும் எடுத்துவந்து, "அம்மா, நீங்கள் சொல்லுங்கள், நான் வரைகிறேன்" என்றாள். காரிடாரில் இருவரும் உட்கார்ந்தோம். நான் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு விளக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் வரைந்தாள். வட்டம் எவ்வளவு பெரிது, கட்டை விரலை நீட்டிப் பிடித்தால் விரலுக்குள் அடங்குமா, கோடு மெல்லியதா தடித்ததா, முழு வட்டமா பாதியா, நிறம் உண்டா என்றெல்லாம் அவளே கேட்டாள். பிறகு மற்றக் கண். இரண்டு தாள் நிரம்பின. முடித்துப் பார்த்தபோது, நான் மொத்தமாக 'வட்டம், வட்டம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று வேறு சங்கதிகள் என்று தெரிந்தது.

ஒன்று, மெல்லிய முழு வளையம். இரண்டு கண்ணிலும் ஒரே அளவு. விளக்குக்கும் வளையத்துக்கும் நடுவில் இருட்டு சுத்தமாக இருக்கும். கண்ணை எத்தனை முறை சிமிட்டினாலும் மாறாது.

இரண்டாவது, அந்தப் பெரிய பிறை. அது இடது கண்ணில் அதிகம். சுற்றிலும் இருட்டாக இருந்தால்தான் வரும்.

மூன்றாவது, விளக்கிலிருந்து ஊசி ஊசியாகத் தெறிக்கும் கதிர்கள். சிமிட்டினால் நீளும், குறுகும், சாயும். இரவு வகுப்பு முடிந்து வரும்போது மோசமாக இருக்கும், காலையில் எழுந்ததும் இருக்காது.

இரண்டாம் வாரப் பரிசோதனைக்கு அந்தத் தாள்களை எடுத்துப்போனேன். டாக்டர் அவற்றை மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். அதுவரை எனக்குக் கிடைத்த நேரம் எல்லாம் ஐந்து நிமிடம்தான். அன்று அரைமணி நேரம் பேசினார். கையில் படம் இருந்ததால்தான் அந்த அரைமணி கிடைத்தது என்று நினைக்கிறேன்.

மெல்லிய வளையம், லென்ஸின் நடுவிலுள்ள துளையால் வருகிறது. ஆம், இப்போது வைக்கும் லென்ஸின் நட்டநடுவில் 0.36 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கிறது. கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, ஐரிஸின் நடுவிலுள்ள திறப்பான பாவை வழியாக முன்பக்கம் வந்து வடிந்துகொண்டிருக்கிறது. லென்ஸ் அதை மறித்துவிட்டால் கண்ணழுத்தம் ஏறும். அதனால் பழைய லென்ஸ் வைத்த காலத்தில், அறுவைக்கு முன்பே லேசரால் ஐரிஸில் ஓட்டை போட வேண்டியிருந்தது. ஜப்பானியக் கண் மருத்துவர் கிமியா ஷிமிஸு லென்ஸின் நடுவிலேயே துளை வைக்கும் யோசனையைக் கொண்டுவந்த பிறகு அந்த லேசர் தேவைப்படாமல் போனது. அமெரிக்காவில் இந்தத் துளை லென்ஸுக்கு 2022-இல்தான் அனுமதி கிடைத்தது. மற்ற நாடுகளில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துளையின் உட்சுவரில் பட்டுச் சிதறும் ஒளிதான் எனக்கு வளையமாகத் தெரிகிறது. கண்ணுக்குள் நீர் ஓடுவதற்கு வைத்த வழியின் நிழல் அது என்று கேட்டதும் எனக்குப் பயம் பாதி போய்விட்டது. "இது கண்ணை விட்டுப் போகாது, உங்கள் கவனத்தை விட்டுப் போகும்" என்றார் டாக்டர். மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகுவதற்குச் சிலருக்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

பிறை வேறு கதை. லென்ஸ் முழுவதும் பவர் இருக்காது. நடுவில் ஒரு வட்டப் பகுதிதான் பார்வைக்கானது. கிட்டப்பார்வைக்கான லென்ஸ்களில் அதன் விட்டம் ஏறத்தாழ 4.9 முதல் 5.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். பவர் கூடக்கூட அந்த வட்டம் சிறிதாகிக்கொண்டே போகும். சில பவர்களுக்கு 6.1 வரை பெரிதாக்கிய புதிய வகையும் வந்திருக்கிறது. நம் பாவையோ, வெளிச்சத்தில் சுருங்கி இருட்டில் விரியும். வயது குறைந்தவர்களுக்கு இருட்டில் 7 மில்லிமீட்டர் தாண்டியும் விரியும், வயது ஏற ஏற அந்த விரிவு குறையும். பாவை அந்த ஒளிப்பகுதியைவிட அகலமாகத் திறந்துவிட்டால், விளிம்புக்கு வெளியே நுழையும் ஒளி குவியாமல் பிறையாக விழும். என் இடது கண்ணுக்குப் பவர் அதிகம், எனவே ஒளிப்பகுதி சிறிது, எனவே பிறை பெரிது. மகள் வரைந்த தாளில் இடது பிறை பெரிதாக இருந்ததற்குக் கணக்கு அப்படியே பொருந்தியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து அளக்கும்போது கார்னியா ஒரு பூதக்கண்ணாடி போல நம் பாவையைச் சற்றுப் பெரிதாகக் காட்டும். அதனால் 'என் பாவை 7, லென்ஸ் 5.3, ஆகவே எனக்குப் பிறை நிச்சயம்' என்று வீட்டிலேயே கழித்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும். ஆனால் அந்த எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நம் உரிமை. அறுவைக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்: இருட்டில் என் பாவை எவ்வளவு விரிகிறது, எனக்கு வைக்கப்போகும் லென்ஸின் ஒளிப்பகுதி எவ்வளவு, பெரிய ஒளிப்பகுதி உள்ள வகை என் பவருக்கு வருமா?

முதல் இரவில் பிறை அவ்வளவு பயங்கரமாக இருந்ததற்குக் காரணமும் அன்றுதான் புரிந்தது. அறுவைக்காகப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். அதன் வேகம் அன்று இரவு வரை அடங்கவில்லை. அன்றைய பார்வையை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. யாராவது எனக்கு இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த இரவு நான் தூங்கியிருப்பேன்.

ஊசிக் கதிர்களுக்குக் காரணம் எளிது: கண் உலர்வு. துணைப்பாட நிலையத்தில் குளிர்சாதனம் என் தலைக்கு நேர்மேலே. ஐந்து மணி நேரம் கத்திக் கத்திப் பாடம் நடத்துகிறேன், பிள்ளைகளின் தாளைத் திருத்தும்போது சிமிட்டுவதே இல்லை. கண்ணின் மேலிருக்கும் நீர்ப்படலம் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிட்டால் விளக்கு சிதறித்தான் தெரியும். பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத செயற்கைக் கண்ணீர், இமைமேல் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், என் மேசையை வேறு மூலைக்கு மாற்றியது, இந்த மூன்றும் சேர்ந்து ஒரு மாதத்தில் கதிர்களை முக்கால்வாசி ஒழித்துவிட்டன. கதிர்கள் எப்போதும் ஒரே திசையில் நீண்டால், சிமிட்டினாலும் மாறாமல் இருந்தால், அது மிச்சமிருக்கும் சிலிண்டர் பவராக (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் சீராக இல்லாததால் வருவது) இருக்கலாம். சிலிண்டரும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் வைத்தவர்களுக்கு லென்ஸ் சற்றுச் சுழன்றிருந்தாலும் அப்படி ஆகும். அது பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். "பழகிவிடும்" என்று காத்திருந்தால் பழகாது.

நாலாவது வகை ஒன்று இருக்கிறது. மகளின் தாளில் அது இல்லை. டாக்டர் தானாகவே ஒரு மூலையில் வரைந்து காட்டினார். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி நிறம் நிறமாகத் தெரியும் வட்டம், கூடவே பார்வை புகைமூட்டம் போலாவது, கண்வலி, தலைவலி, குமட்டல். இது கண்ணழுத்தம் ஏறுவதன் அடையாளம். அதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவு எத்தனை மணியானாலும், மருந்தகம் கொடுத்த அவசர எண்ணுக்குப் பேச வேண்டும், எடுக்காவிட்டால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அறுவை நடந்த முதல் நாளில், உள்ளே பயன்படுத்திய கூழ் மிச்சமிருந்தால் அழுத்தம் ஏறலாம். அப்புறம் இரண்டு மூன்று வாரம் கழித்து, ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஏறலாம். எனக்கு இந்த இரண்டாவது நடந்தது. மூன்றாம் வாரம் அழுத்தம் 26 காட்டியது. 21-க்குள் இருக்க வேண்டும். எனக்கு வலியும் இல்லை, வானவில்லும் இல்லை, எதுவுமே தெரியவில்லை. ஸ்டீராய்டைக் குறைத்து, அழுத்தம் இறக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் 15-க்கு வந்துவிட்டது. பார்வை நன்றாக இருக்கிறது என்று அந்தப் பரிசோதனைக்கு நான் போகாமல் விட்டிருந்தால்? இதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்கிறது. வேலை இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை என்று தயவுசெய்து பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பரிசோதனைகளில் அவர்கள் வேறொன்றும் அளப்பார்கள். புதிய லென்ஸுக்கும் நம் லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அதிகமானால் ஐரிஸை முன்னால் தள்ளும், குறைந்தால் நம் லென்ஸில் புரை வர வாய்ப்பு கூடும். அரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நிம்மதி. அந்த எண்ணையும் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். முதல் ஆறு வாரம் இரவில் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ஈசூனுக்கு ரயில் மாறாமல் ஒரே வடக்கு-தெற்குப் பாதையில் வந்துவிடலாம். வீடு சேரப் பத்தரை மணி ஆகும். மகள் தூங்கிப்போயிருப்பாள். அது வருத்தம்தான். ஆனால் பக்கத்தில் சைக்கிளில் ஒருவர் வருவது பிறைக்குள் மறைந்துவிட்டால் என்ன ஆவது? அந்த யோசனை வந்த பிறகு ரயில் பாரமாகத் தெரியவில்லை. ஏழாவது வாரம், வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஈசூனுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் சிலேத்தார் விரைவுச்சாலை மட்டும். அப்புறம்தான் முழுத் தூரம்.

ஓட்டிப் பார்த்ததில் சில விஷயங்கள் தெரிந்தன. விரைவுச்சாலையைவிடக் குடியிருப்புச் சாலைகள்தான் கஷ்டம். விரைவுச்சாலையில் நடுவே செடியும் தடுப்பும் இருப்பதால் எதிர்வண்டி வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிப்பதில்லை. புளோக்குகளுக்கு நடுவில் வரும் இருவழிச் சாலையில் எல்லாம் நேருக்கு நேர். அங்கே எதிர்விளக்கைப் பார்க்காமல், என் இடப்பக்கச் சாலை ஓரக் கோட்டில் கண்ணை வைத்து மெதுவாகப் போகப் பழகினேன். மழை பெய்தால் ஈரத் தார்ச்சாலை ஒவ்வொரு விளக்கையும் இரண்டாக்கிவிடும். அந்த நாட்களில் இப்போதும் ரயில்தான். முன்கண்ணாடியின் உட்பக்கத்தை வாரம் ஒருமுறை துடைக்கிறேன். அதில் படியும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பிறையை இரட்டிப்பாக்குகிறது என்று துடைத்த அன்றுதான் புரிந்தது. இரவில் ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி ஒன்றும் வாங்கினேன். வாங்காதீர்கள். அது மொத்த வெளிச்சத்தையும் குறைக்கிறது, இருட்டில் நடப்பவரைக் காட்டுவதில்லை.

பிறைக்காக டாக்டர் எனக்கு ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார், பிரிமோனிடின். உண்மையில் அது கண்ணழுத்தத்துக்கான மருந்து. இருட்டில் பாவை முழுதாக விரியாமல் தடுக்கும் குணமும் அதற்கு உண்டு. சிலருக்கு அது தூக்கம் வரவழைக்கும், அதனால் முதலில் வீட்டில் இருக்கும் நாளில் விட்டுப் பாருங்கள் என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை, கண் கொஞ்சம் சிவந்தது. வகுப்பு முடியும் வேளையில் ஒரு சொட்டு விட்டால், வீடு சேரும்வரை பிறை பாதியாக அடங்கியிருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு தேவைப்படவில்லை. இதை நீங்களாக வாங்கி விடாதீர்கள். ஒவ்வொருவரின் கண்ணும் வேறு.

என் பார்வை எப்படி மாறியது என்பதை நான் விளக்குகளை வைத்தே கணக்கு வைத்தேன். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை ஒளியூட்டைப் பார்க்கப் போனபோது அறுவை முடிந்து ஐந்தாவது வாரம். வளையத்துக்குள் வளையமாகச் சாலை முழுவதும் மினுங்கியது. தேக்காவைத் தாண்டுவதற்குள் தலை சுற்றி, பாதியில் திரும்பிவிட்டோம். கார்த்திகைக்குக் காரிடாரில் அகல் ஏற்றினேன். சுடரைச் சுற்றியும் வளையம் இருந்தது, ஆனால் எண்ணெய் விளக்கின் வெளிச்சம் மெல்லியதாக இருப்பதால் வளையமும் மங்கலாக இருந்தது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் தெரிகிறதாம்மா?" என்று கேட்டார். தெரிகிறது அத்தை, ஆனால் கேட்டால்தான் தெரிகிறது என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே உறைத்தது. தைப்பூசத்தன்று விடியுமுன் இருட்டில், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுத்த தங்கையோடு நடந்தேன். அலங்கார விளக்கு வைத்த காவடிகள், தெருவிளக்கு, போலீஸ் வண்டியின் நீல விளக்கு எல்லாம் இருந்தன. வீடு வந்து படுத்த பிறகுதான், வழியெல்லாம் ஒரு வட்டத்தையும் கவனிக்கவில்லை என்று நினைவு வந்தது.

ஐ.சி.எல். பற்றிக் கேட்கும் தோழிகளிடம் ஒளிவட்டத்தைத் தாண்டி இரண்டு விஷயம் சொல்கிறேன். இந்த லென்ஸ் செய்யும் பொருளில் சிறிதளவு கொலாஜன் கலந்திருக்கிறது, அது பன்றியிடமிருந்து எடுப்பது. என்னோடு வேலை செய்யும் ஒரு முஸ்லிம் அக்காவுக்கு அது முக்கியமான கேள்வியாக இருந்தது. அறுவை தேதி குறித்த பிறகு தெரியவந்து தவிப்பதைவிட முதலிலேயே கேட்டு, யாரிடம் ஆலோசிக்க வேண்டுமோ அவர்களிடம் ஆலோசித்து முடிவெடுக்கலாம். இன்னொன்று, கண்ணாடி போனதால் கிட்டப்பார்வை போய்விடவில்லை. என் கண் 28 மில்லிமீட்டர் நீளத்துக்கு நீண்டுவிட்ட கண். சாதாரணமாக 24-ஐ ஒட்டி இருக்கும். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லென்ஸ் வைத்ததால் அது மாறாது. திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மழையாக மிதந்தால், ஓரத்தில் மின்னல் வெட்டினால், திரை இறங்குவது போலிருந்தால், அதை ஐ.சி.எல். வட்டம் என்று நினைத்து வீட்டில் உட்காரக் கூடாது. அது விழித்திரை கிழிவதாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையையும், கார்னியாவின் உட்பக்கச் செல் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அந்தச் செல்கள் குறைந்தால் மறுபடி வளராது.

பள்ளி விடுமுறைக்கு மலேசியாவிலுள்ள மலாக்கா போனோம். திரும்பும்போது இரவு. நான்தான் ஓட்டுகிறேன் என்று ஆசையாகச் சாவியை வாங்கினேன். ஊருக்குள் ஒன்றும் இல்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடத்தில் தெருவிளக்கே இல்லாத பகுதி வந்தது, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். எதிரே ஒரு லாரி வந்தது. மாதக்கணக்கில் நான் மறந்திருந்த பிறை, இடது கண்ணில் முழுதாக விரிந்தது. சிங்கப்பூரில் நாம் ஏறத்தாழ எந்தச் சாலையில் போனாலும் மேலே விளக்கு இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் பாவை முழுதாக விரிவதே இல்லை. என் கண் முற்றிலும் பழகிவிட்டது என்று நான் நம்பியதில் பாதி, நம் சாலைவிளக்குகளின் தயவு என்று அங்கேதான் தெரிந்தது. அடுத்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். மகள் பின்சீட்டிலிருந்து, "வட்டமா அம்மா, பிறையா?" என்று கேட்டாள். பிறை என்றேன். பையிலிருந்து தாளை எடுத்தாள். அடுத்த பரிசோதனை ஜூலையில். அந்தத் தாளையும் எடுத்துப்போகப் போகிறேன். அதுவரை ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இரவில் வண்டி அவர் கையில்தான்.